முகூர்த்த மாதமும் 200 போர்ட்டுகளும்: விஎஸ்எஃப்டிபிடியுடன் ஐந்து வருடம்

சிம்மக்கல் பக்கம் ஓர் ஆல்பம் அச்சகத்தில் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண ஆல்பப் பக்கங்களை எங்கள் சர்வருக்கு எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறை வழியாக அனுப்புவார்கள். உபுண்டு லினக்ஸில் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வர் மென்பொருள் ஓடுகிறது. ஐந்து வருடத்தில் அது தானாக நின்றதில்லை. என்னைப் படுத்தியதெல்லாம் போர்ட் வரம்புதான்: இணைப்புகள் வந்துபோகும் எண்ணிட்ட கதவுகளில் எந்த எண் முதல் எந்த எண் வரை திறப்பது என்பது.

முதல் வருடம் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ரவுட்டரில் 21-ஆம் போர்ட்டை மட்டும் திறந்தேன், எல்லாம் நடந்தது. கடவுச்சொல் வெட்டவெளியில் போகிறதே என்று ஒருநாள் டிஎல்எஸ் குறியாக்கத்தை இயக்கினேன். மறுநாள் காலையே மேலூரிலிருந்து போன்: “அண்ணே, உள்ளே போகிறது, ஃபோல்டர் மட்டும் வரமாட்டேன் என்கிறது.”

எஃப்டிபியில் பேச்சு 21-இல் நடக்கும். ஃபைலும் ஃபோல்டர் பட்டியலும் வேறொரு போர்ட்டில் வரும். பாசிவ் முறையில் அது எந்தப் போர்ட் என்பதைச் சர்வர் சொல்லும். 227 என்று தொடங்கும் பதிலில் ஆறு எண்கள் இருக்கும். ஐந்தாவதை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்ட வேண்டும். 117, 48 என்று வந்தால் 30000. அதுவரை ரவுட்டர் இந்தப் பதிலை ஒட்டுக்கேட்டு, அந்தந்த நேரத்துக்குக் கதவைத் திறந்துகொடுத்திருக்கிறது. குறியாக்கம் வந்ததும் அதற்குக் காது அடைத்துவிட்டது.

அமைப்புக் கோப்பில் குறைந்தபட்ச, அதிகபட்ச பாசிவ் போர்ட்டுக்கு இரண்டு வரிகள் உண்டு. எதுவும் எழுதாவிட்டால் இரண்டும் பூஜ்யம். எந்தப் போர்ட்டையும் எடுக்கலாம் என்று பொருள். 50000 முதல் 50009 வரை கொடுத்தேன். அப்போதும் ஃபைல்ஜில்லா என்ற அனுப்பும் மென்பொருளை வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே வேலை செய்தது. எங்கள் சர்வர், அச்சகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் தன் 192.168 உள்முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தது; ஃபைல்ஜில்லா அதை ஒதுக்கிவிட்டுச் சர்வரின் உண்மையான முகவரிக்கே போய்விடும், மற்ற மென்பொருள்கள் அப்படியே நம்பிவிட்டன. வெளிமுகவரியை ஒரு வரியில் எழுதியதும் தீர்ந்தது.

வைகாசி வந்தது. முகூர்த்தங்களுக்கு அடுத்த வாரம் எல்லாரும் ஒன்றாக அனுப்ப, “500 ஊப்ஸ்” என்று சர்வர் கையை விரித்தது. காலியான போர்ட் கிடைக்கவில்லையாம். எரிச்சலில் 40000 முதல் 60000 வரை திறந்தேன். வாசலை அகலப்படுத்தச் சொன்னால் தெருச்சுவரையே இடித்த கதை. போதாததற்கு, லினக்ஸ் தன் வெளி இணைப்புகளுக்கு வழக்கமாக எடுப்பதும் 32768 முதல் 60999 வரைதான்; அதற்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆடியில் ஆர்டர் குறைவு. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூட்ட நேரத்தில் இருபது பேர். ஃபைல்ஜில்லா இயல்பாக இரண்டு ஃபைல்களை ஒரே நேரத்தில் அனுப்பும், பட்டியலுக்கு ஒன்று. ஆக அறுபது. தாராளமாக 30000 முதல் 30199 வரை வைத்தேன், 32768-க்குக் கீழே. விஎஸ்எஃப்டிபிடி, சர்வரின் ஃபயர்வால், ரவுட்டர் என்று மூன்று இடத்திலும் அதே எண்கள். ஒருமுறை ரவுட்டரில் மட்டும் 30099-இல் நிறுத்திவிட்டேன். போர்ட்டை வரம்புக்குள் குத்துமதிப்பாக எடுப்பதால், ஒரு ஃபைல் போகும், அடுத்தது தொங்கும். ஒரேயடியாக நின்றிருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பேன். இதற்கு இரண்டு நாள் ஆனது.

உசிலம்பட்டிக்காரர் ஒருவர் ஆக்டிவ் முறையில் வைத்திருந்தார். அதில் சர்வர்தான் அவர் கணினியைத் தேடிப் போக வேண்டும். அவரோ மொபைல் ஹாட்ஸ்பாட்டில். வெளியிலிருந்து வரும் இணைப்பு அவர் வரை எட்டவில்லை. அங்கே போர்ட் வரம்பை எப்படி மாற்றினாலும் பயனில்லை. பாசிவுக்கு மாற்றச் சொன்னேன், போனை வைப்பதற்குள் ஃபைல் வந்துவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு, குறியாக்கத்துடன் ஃபைல் அனுப்பும் வேறொரு முறையான எஸ்எஃப்டிபியைத்தான் கொடுக்கிறேன். 22 ஒன்றே போதும், வரம்பே வேண்டாம். பழையவர்களின் ஆல்பம் மென்பொருளில் எஃப்டிபி மட்டுமே இருப்பதால் அந்த 200 போர்ட்டும் இன்னும் திறந்திருக்கிறது.