அலுமினியத்துக்கு மூன்று ஃப்ளூட் எண்ட் மில்: தாராளமாக வாங்கலாம்

மில்லிங் மெஷினில் அலுமினியம் வெட்ட 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில் (சுழன்று பக்கவாட்டிலும் வெட்டும் கருவி) வாங்கினேன், மூன்று ஃப்ளூட் (பற்களுக்கு இடையே சிப் வெளியேறும் பள்ளம்), 45 டிகிரி ஹீலிக்ஸ் (அந்தப் பள்ளம் சுற்றிச் செல்லும் சாய்வு), கோட்டிங் இல்லாதது, ரொம்பத் திருப்தி. நான்கு ஃப்ளூட்டில் சிப் (வெட்டுப்பட்ட உலோகத் துண்டு) வெளியேற இடம் போதாமல் பள்ளத்திலேயே அடைத்துக்கொள்ளும், இதில் அந்தத் தொல்லை குறைவு, பக்கச் சுவரும் பளபளவென்று வருகிறது. டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் போட்டதை ஸ்டீலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அலுமினியம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

6000 ஆர்பிஎம், பல்லுக்கு 0.05 மி.மீ., மூன்று பல் என்றால் ஃபீட் (கருவி முன்னேறும் வேகம்) நிமிடத்துக்கு 900 மி.மீ. பயந்து ஃபீடை ரொம்பக் குறைத்தால் பல் வெட்டாமல் உரசும், சூடாகிச் சீக்கிரம் மழுங்கிவிடும். அப்புறம், டிரில் சக்கில் (டிரில் பிட்டைப் பிடிக்கும் பிடியில்) மாட்டவே மாட்டாதீர்கள், பக்கவாட்டு விசைக்கு அது செய்யப்பட்டதில்லை, நல்ல காலெட் (கருவியைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் குழல்) அவசியம்.

குறை என்றால் மூலைதான், கூர்மையாக இருப்பதால் எளிதில் உடைகிறது. ரஃபிங்குக்கு (முதலில் நிறைய உலோகத்தை வெட்டி எடுக்கும் வேலைக்கு) கார்னர் ரேடியஸ் உள்ளதை, அதாவது மூலை வளைவானதை எடுங்கள்.