லினக்ஸ் கூடவே விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் லேப்டாப்பைக் கொடுக்கும் முன்

லினக்ஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் லினக்ஸுக்கு ஒதுக்கிய பகுதியை, சுருக்கி விண்டோஸும் போட்டுத் தருகிறேன், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் உடனே லேப்டாப்பைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கும் ஒரு சர்வீஸ்காரர் அப்படித்தான் உறுதி சொன்னார். திரும்பி வந்தபோது விண்டோஸ் நன்றாக ஓடியது, லினக்ஸ் எழவே இல்லை. கேட்டால், "டிஸ்க் ஏற்கெனவே போற நிலைமையில இருந்துச்சு, புதுசு மாத்திடுங்க" என்று அதற்கும் ஒரு விலை சொன்னார்.

டிஸ்க்குக்கு ஒன்றுமே இல்லை, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் ஒரு பழுதான செக்டார்கூட இல்லை. லைவ் யுஎஸ்பியில் (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஏற்றி அந்தப் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய, அதாவது ஃபைல்களைப் படிக்கத் திறக்க, பார்த்தேன், முடியாது என்றுவிட்டது. லினக்ஸின் மையமான கெர்னலின் லாகில் (பதிவேட்டில்) காரணம் பளிச்சென்று கிடந்தது: ஃபைல் சிஸ்டத்தின் (பார்ட்டிஷனுக்குள் ஃபைல்களை அடுக்கி வைக்கும் அமைப்பு) கணக்கில் 104857600 பிளாக், பார்ட்டிஷனில் இருப்பதோ 65536000 தான். பிளாக் என்பது ஃபைல் சிஸ்டம் இடத்தை அளக்கும் அலகு, இங்கே ஒன்று 4 கேபி. அதாவது 400 ஜிபி ஃபைல் சிஸ்டத்தைத் தொடாமலேயே பார்ட்டிஷனை மட்டும் 250 ஜிபிக்கு வெட்டி, வெட்டிய இடத்தை ஃபார்மட் செய்து விண்டோஸை ஏற்றியிருக்கிறார்.

இதைக் காட்டியதும் அவர் சொன்ன பதில்தான் எனக்குத் தாங்கவில்லை: "பாதி டிஸ்க் காலியாத்தானே இருந்துச்சு, பின்னாடி என்ன இருக்கப் போகுது?" என் லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4 முன்னாலிருந்து வரிசையாக நிரப்பிக்கொண்டு போவதில்லை. டிஸ்க்கைப் பிளாக் குரூப்களாகப் பிரித்து, டைரக்டரிகளை வேண்டுமென்றே அங்கங்கே பரப்பித்தான் வைக்கும், பாதி காலியாக இருந்தாலும் கடைசிப் பகுதியில் ஃபைல்கள் இருக்கும். அதிலும் எஸ்எஸ்டி என்றால் ஃபார்மட் செய்யும்போதே விண்டோஸ் ட்ரிம் (இந்த இடத்து டேட்டா இனித் தேவையில்லை என்ற கட்டளை) அனுப்பிவிடும், அப்புறம் மீட்பு மென்பொருளுக்கும் பெரும்பாலும் எதுவும் சிக்காது.

இது தெரியாதவர் இந்த வேலைக்குக் காசு வாங்கவே கூடாது. எனவே கொடுக்கும் முன் கேளுங்கள்: எதை முதலில் சுருக்குவீர்கள்? லைவ் யுஎஸ்பியில் ஏற்றி, மவுண்ட் ஆகாத நிலையில் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டி, அளவை மாற்றும் ரீசைஸ்2எஃப்எஸ் வைத்து ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்கி, அதற்கப்புறம்தான் பார்ட்டிஷன் என்று சொல்ல வேண்டும். ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளில் செய்வேன் என்றாலும் சரி, அது இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். உங்களுடையது எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகை ஃபைல் சிஸ்டம் என்றால் இப்படிச் சுருக்கவே முடியாது, அதையும் சுருக்கித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். பேக்கப் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காதவரிடமும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்து இப்படி ஆகிவிட்டதென்றால், பயந்துபோய் ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டி எல்லாக் கேள்விக்கும் ஆம் கொடுக்காதீர்கள், இருப்பதும் சிதையும். வெட்டிய இடத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை என்றால் பார்ட்டிஷனின் தொடக்கத்தை அசைக்காமல் முடிவை மட்டும் பழைய செக்டாருக்கே நீட்டினால் போதும், எல்லாம் அப்படியே வந்துவிடும். எழுதியாகிவிட்டது என்றால் முழு டிஸ்க்கையும் டிடிரெஸ்க்யூ என்ற பிரதி எடுக்கும் கருவியில் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, மீட்பு வேலையை அந்தப் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.