பாய்மரப் படகில் பேட்டரி மானிட்டர்: மழைக்காலமும் பார்த்த பிறகு

பாய்மரப் படகுக்குப் பேட்டரி மானிட்டர் தேவையா என்று புதுச்சேரி தேங்காய்த்திட்டுப் பக்கம் யார் கேட்டாலும், தேவை என்றுதான் சொல்வேன். பேட்டரியில் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும் சதவீதத்தை எப்போது நம்பலாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

என் படகில் இருப்பது விக்ட்ரான் நிறுவனத்தின் பிஎம்வி-712 மானிட்டர். பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடிய வகை ஈய பேட்டரி) இரண்டு, பேரலலில், மொத்தம் 200 ஆம்பியர்-மணி. முன்பு வெறும் வோல்ட் மீட்டர்தான். வோல்ட்டை வைத்துச் சார்ஜைக் கணிக்க, பேட்டரி சில மணி நேரம் சும்மா கிடக்க வேண்டும். அப்போது 12.7-க்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. ஒரு பக்கம் சோலார் ஏற்ற, மறுபக்கம் ஃப்ரிட்ஜ் இழுக்க, படகில் அந்த ஓய்வு எங்கே கிடைக்கிறது?

மானிட்டர் நெகட்டிவ் பக்கத்தில் ஒரு ஷண்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் துண்டு) வைத்து, வந்த ஆம்பியரையும் போன ஆம்பியரையும் கடைக்காரர் கணக்குப் புத்தகம் போல எழுதிக்கொண்டே போகிறது. அதனால் ஷண்ட்டின் பேட்டரி பக்கத்தில் பேட்டரி கேபிளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் ஓடட்டும் என்று பில்ஜ் பம்பை (படகின் அடித்தளமான பில்ஜில் சேரும் நீரை இறைப்பது) பல படகுகளில் நேராகப் பேட்டரியில் கொடுத்திருப்பார்கள். அதன் பாசிட்டிவ் ஃபியூஸோடு அங்கேயே இருக்கட்டும். நெகட்டிவை மட்டும் ஷண்ட்டின் மறுபக்கம் மாற்றினால் போதும், பம்ப் குடிப்பதும் கணக்கில் வந்துவிடும்.

முதல் பலன் நங்கூர விளக்கில் தெரிந்தது. பழைய 25 வாட் பல்பு 2 ஆம்பியர் இழுத்தது. ஒரு ராத்திரிக்கு 20 ஆம்பியர்-மணிக்கு மேல். எல்இடி போட்டதும் அந்தச் செலவு பத்தில் ஒன்றாகிவிட்டது.

சோதனை வந்தது வடகிழக்குப் பருவமழையில்தான். வாரக்கணக்கில் மேகம், பேட்டரி முழுசாக நிறைவதே இல்லை. மானிட்டரின் கணக்கில் சின்னச் சின்னப் பிழைகள் சேரும். முழு சார்ஜைக் காணும்போதுதான் அது தன்னை 100-க்குத் திருத்திக்கொள்ளும். ஆரம்ப அமைப்பில் அதற்கு 13.2 வோல்ட்டுக்கு மேல், கொள்ளளவில் 4 சதவீதத்துக்குக் குறைவான மின்னோட்டம், 3 நிமிடம் இருந்தால் போதும். என் பேட்டரிக்கு அந்த 4 சதவீதம் 8 ஆம்பியர். மேகம் மறைத்தாலே சோலார் அதற்குக் கீழே இறங்கும், வோல்ட் மட்டும் மேலேயே நிற்கும், உடனே 100 என்று காட்டிவிடும். பேட்டரியோ அரைகுறை. இது சின்ன விஷயமே இல்லை. ஈய பேட்டரி அரைகுறையாகவே கிடந்தால் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். என் சார்ஜர் 14.4 வரை ஏற்றுவதால் நிறைவு வோல்ட்டை 14.0 ஆக உயர்த்தி, 4 சதவீதத்தை 2 ஆகக் குறைத்தேன். அப்புறம் பொய் 100 வரவில்லை. மழை நாட்களில் கரையிலிருந்து ஒயர் இழுத்து, அவ்வப்போது இரவு முழுவதும் சார்ஜரில் போடுகிறேன்.

இன்னொன்று, பேட்டரி வயதாவது மானிட்டருக்குத் தெரியாது. 200 என்று நாம் சொன்னதை அப்படியே நம்பும். 70 சதவீதம் காட்டும்போது ஓய்வு வோல்ட் 12.2 என்றால், கொள்ளளவு குறைந்துவிட்டது என்று பொருள். அமைப்பில் எண்ணைக் குறைத்து எழுத வேண்டும்.

உப்புக் காற்றுக்கு, கேபிள் முனையில் வெள்ளீயம் பூசிய லக் போடுங்கள், ஷண்ட்டைப் பில்ஜுக்கு எட்டாத உயரத்தில் பொருத்துங்கள். செலவைக் குறைக்க நினைத்தால் திரையில்லாத ஸ்மார்ட்ஷண்ட் போதும், போனிலேயே பார்க்கலாம். எனக்குக் கேபின் வாசலில் இருக்கும் வட்டத் திரைதான் வசதி. ஈரக் கையோடு சுக்கானைப் பிடித்துக்கொண்டே பார்க்க முடிகிறது.