செல் கல்ச்சருக்கு வாங்குன எல்டிஎல்: சரக்கு நல்லது, லேபிள்தான் குறை

கிளியோபிளாஸ்டோமா (ஒரு வகை மூளை ட்யூமர்) செல்லுக்கு எல்டிஎல் (ரத்தத்துல கொலஸ்ட்ரால சுமக்குற லிப்போபுரோட்டீன் துகள்) குடுத்தா இன்ஃப்ளமேஷன் ஏறுதான்னு பாக்க, மனுஷ பிளாஸ்மால இருந்து பிரிச்ச எல்டிஎல் வாங்குனோம். சரக்கு அருமை. அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.019-ல இருந்து 1.063 கிராம் வரைன்னு சரியா போட்டிருக்காங்க, நல்ல மஞ்சள் கலர், அடியில வண்டல் இல்ல, ஜெல்லுல ஓட்டுனா ஒரே பேண்டுதான், அதாவது வேற கலப்பு தெரியல. உறைய வைக்காம கூல் பேக்ல அனுப்புனதுக்கே தனியா நன்றி சொல்லணும், உறைஞ்சா துகள் ஒடஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

ஆனா எண்டோடாக்சின் அளவு எங்கயுமே இல்ல, கேட்டாலும் பதில் வரல. இது சின்ன விஷயம் இல்லங்க, எண்டோடாக்சின்னா பாக்டீரியாவோட வெளிச்சுவர்ல இருக்குற எல்பிஎஸ்தான், அது லிப்போபுரோட்டீன்ல நல்லா ஒட்டிக்கும், செல்லுல இருக்குற டிஎல்ஆர்4-ங்கிற ரிசப்டர் வழியா என்எஃப்-கப்பா-பிய (இன்ஃப்ளமேஷன் ஜீன்கள முடுக்கிவிடுற புரோட்டீன்) தூண்டி ஐஎல்-6, ஐஎல்-8 மாதிரி சைட்டோகைன் (இன்ஃப்ளமேஷன் சிக்னல் புரோட்டீன்) எல்லாத்தையும் ஏத்திவிடும், ஆக்சிடைஸ் ஆன எல்டிஎல்லும் லாக்ஸ்-1 மாதிரி ரிசப்டர் வழியா அதே என்எஃப்-கப்பா-பிக்குதான் போய் சேரும், அப்ப எலைசால (சைட்டோகைன் அளவ பாக்குற டெஸ்ட்) தெரியிற ஏத்தம் எண்டோடாக்சினாலயா எல்டிஎல்லாலயான்னு எப்படி சொல்றது? எண்டோடாக்சின அளக்குற எல்ஏஎல் டெஸ்ட்ட நாமளே பண்ண வேண்டியதா போச்சு.

வாங்குறவங்க ஈடிடிஏவ (ஆக்சிடேஷன தடுக்க சேக்குற கெமிக்கல்) டயாலிசிஸ் பண்ணி எடுத்த உடனே யூஸ் பண்ணிடுங்க, அது போயிட்டா ஆக்சிடேஷன் வேகமா ஆரம்பிச்சிடும். மீடியத்துல சாதா சீரம் போடாதீங்க, அதுலயே லிப்போபுரோட்டீன் இருக்கு.

இந்த ட்யூமர் செல்லுங்க எல்டிஎல் ரிசப்டர் நிறைய வச்சிருக்கும், அதனால அப்டேக் (செல் எவ்வளவு எல்டிஎல்ல உள்ள எடுக்குதுன்னு) பாக்க கண்ண மூடிட்டு வாங்கலாம். சைட்டோகைன் அளக்கணும்னா எண்டோடாக்சின் ரிப்போர்ட் குடுக்குற இடத்துல வாங்குங்க. 5-க்கு 3.