கவச உடை: சொந்தமா, இரவலா?

போர்ச் செய்தி சேகரிக்க உக்ரைனுக்கு முதல் தடவை கிளம்பும் ஃப்ரீலான்ஸ் செய்தியாளருக்குக் கவச உடை பெரிய செலவு. சொந்தமாக வாங்கினால் அளவு கச்சிதமாக இருக்கும். வீட்டிலேயே போட்டு நடந்து பழகலாம். குண்டைத் தடுக்கும் செராமிக் தகடுகளோடு 10 கிலோ பக்கம் வரும், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதை எல்லை தாண்டிக் கொண்டுபோகச் சில நாடுகளில் தனி அனுமதியும் வேண்டும்.

இரவலில் இந்தத் தலைவலி குறைவு. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2022 மார்ச்சில் உக்ரைனின் லிவிவ் நகரில் மையம் திறந்து, கவசமும் ஹெல்மெட்டும் இரவல் கொடுத்தது. ஆனால் கிடைக்கிற அளவுதான். வயிற்றுக்கு இறங்கித் தொங்கும் தகடு இதயத்தைக் காக்காது. போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

முதல் பயணத்துக்கு நான் இரவலையே சொல்வேன். மிச்சக் காசில் முதலுதவிப் பயிற்சி எடுக்கலாம். ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கெட் பட்டையை மட்டும் சொந்தமாக வாங்கி, ஒற்றைக் கையால் கட்டிப் பழகுங்கள்.