புதுக் கம்ப்யூட்டருக்கு டிசைன் சாஃப்ட்வேரை மாற்றுவது: குளோனா, புது இன்ஸ்டாலா, இலவசமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதனால் பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர்ப் பக்கம் போஸ்டரும் அழைப்பிதழும் டிசைன் செய்கிறவர்கள் வேறு வழியில்லாமல் புதுப் பெட்டி வாங்குகிறார்கள். வாங்கிய அன்றே கேள்வி வந்துவிடும்: போட்டோஷாப், கோரல், இன்டிசைன் இதையெல்லாம் எப்படிக் கொண்டுபோவது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் ஃபைல்களை வைத்துப் பிழைக்கிற கடைக்கு, புதுக் கம்ப்யூட்டரில் சுத்தமாக இன்ஸ்டால் செய்துவிட்டுப் பழையதைக் கொஞ்ச காலம் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதுதான் சரி. ஆனால் முதலில் எல்லோருக்கும் ஆசை காட்டுவது குளோன்தான். பழைய டிஸ்க்கை அப்படியே புது டிஸ்க்கில் நகலெடுப்பது. குளோன்ஸில்லா என்ற இலவசக் கருவியே போதும். "ஒரு அமர்வுல முடிஞ்சிரும் அண்ணாச்சி, ஐகான்கூட இடம் மாறாது" என்று சர்வீஸ் பையன் சொல்வான். நகலெடுக்கிற வரைக்கும் அவன் சொல்வது உண்மைதான்.

அதற்கு அப்புறம்தான் சிக்கல். பழைய டிஸ்க் பெரும்பாலும் எம்.பி.ஆர். என்ற பழைய பகிர்வு முறையில் இருக்கும், புது லேப்டாப்போ யூ.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய பூட் முறையில் மட்டுமே கிளம்பும். அதைச் சரி செய்தாலும், பதினொன்றாம் தலைமுறையிலிருந்து வரும் இன்டெல் லேப்டாப் பலவற்றில் டிஸ்க்கைப் படிக்க உதவும் வி.எம்.டி. டிரைவர் இல்லாவிட்டால் நீலத்திரை விழும். அதையும் தாண்டி உள்ளே போனால், மதர்போர்டு மாறியதைக் கண்டுகொண்டு விண்டோஸும் மற்ற சாஃப்ட்வேர்களும் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம். இத்தனைக்கும் பிறகு மிச்சமானது ஐகான்கள் இருந்த இடம் மட்டும்தான்.

குளோனில் இன்னொரு வினையும் கூடவே வரும். பழைய கம்ப்யூட்டரில் எப்போதோ யாரோ காசு கொடுக்காமல் ஓட்டுவதற்குக் கிராக் போட்டிருந்தால், போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபியின் சர்வர்களைத் தடுக்கும் வரிகளை ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலில் எழுதிவைத்திருப்பார்கள். இப்போது நீங்கள் ஒழுங்காகப் பணம் கட்டி சந்தா எடுத்திருப்பீர்கள். இன்டர்நெட் ஓடும், பிரவுசர் திறக்கும், அடோபியின் சந்தா சேவையான கிரியேட்டிவ் கிளவுடில் மட்டும் லாகின் சுற்றிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை அழித்துத் திரும்பப் போட்டாலும் மாறாது, ஏனென்றால் கோளாறு போட்டோஷாப்பில் இல்லை. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈ.டி.சி. என்று உள்ளே போனால் அந்த ஃபைல் கிடக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதற்குள்ளிருந்து இந்த ஃபைலைத் திறந்து, அடோபி பெயர் வருகிற வரிகளை மட்டும் நீக்கி சேவ் செய்தால் லாகின் வழி திறக்கும். நோட்பேடைச் சாதாரணமாகத் திறந்தால் சேவ் ஆகாது. பலர் இந்த இடத்தில்தான் நொந்துபோய் விட்டுவிடுகிறார்கள்.

புதிதாக இன்ஸ்டால் செய்வதில் தலைவலி குறைவு. கிரியேட்டிவ் கிளவுடில் தனிநபர் சந்தா என்றால் இரண்டு கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். மூன்றாவதில் நுழைந்தால், பழையதிலிருந்து வெளியேறச் சொல்லும். அந்தத் திரையிலேயே வெளியேற்றிவிடலாம், பழைய கம்ப்யூட்டர் கையில் இருக்க வேண்டும் என்றில்லை. சந்தா இல்லாமல் பழைய இன்ஸ்டால் சி.டி.யை நம்பி இருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்கிற வகையில் கடைசியாக வந்த போட்டோஷாப் 2012-இன் சி.எஸ்.6. சி.எஸ்.2, சி.எஸ்.3 காலத்து ஆக்டிவேஷன் சர்வர்களை மூடியாயிற்று. பெட்டியும் சீரியல் நம்பரும் பத்திரமாக இருந்தாலும் கதவு திறக்காது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7.0-வோடு நின்ற கதை எல்லோருக்கும் தெரிந்தது.

இன்ஸ்டால் ஆகும்போது வரும் பிழைகளைப் பற்றிச் சுருக்கமாக. 182 என்று வந்தால் கம்ப்யூட்டர் அந்தப் பதிப்புக்கு ஈடுகொடுக்காது என்று பொருள், கொஞ்சம் பழைய பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம். எம்.எஸ்.வி.சி.பி.140 டி.எல்.எல். என்ற ஃபைல் இல்லை என்று வந்தால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பை முழுதாகப் போட வேண்டும். அந்த ஒரு டி.எல்.எல்.லை மட்டும் கண்ட இடத்தில் டவுன்லோட் செய்யாதீர்கள், வைரஸை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதையாகிவிடும். பாதியில் நின்றுபோனால் அடோபியின் கிளீனர் டூலை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி தொடங்குங்கள்.

சாஃப்ட்வேர் ஏறிவிட்டது. இனிமேல்தான் நம் ஊர்ப் பிரச்சினை. கோயில் திருவிழாவான கொடை வருகிறது, போன வருஷ அழைப்பிதழில் தேதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லி ஊரிலிருந்து ஆள் வந்து நிற்கிறார். ஃபைலைத் திறந்தால் சுடலைமாட சுவாமி பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. "என்ன அண்ணாச்சி, சாமி பேரையே காணோம்?" என்பார்.

ஃபைல் கெடவில்லை. பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்தவை. ஃபான்ட் இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும், அவ்வளவுதான். சேவ் செய்யாமல் மூடிவிட்டு ஃபான்ட்டைத் தேடுங்கள். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் மட்டும் போதாது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, டபுள் கிளிக் செய்து போட்ட ஃபான்ட்கள் யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற மறைவிடத்துக்குப் போய்விடுகின்றன. இரண்டு இடத்திலிருந்தும் எடுத்து, புதியதில் ரைட் கிளிக் செய்து 'எல்லா யூசர்களுக்கும்' என்று இருப்பதைத் தேர்ந்து போடுங்கள். அப்படிப் போடாவிட்டால் சில சாஃப்ட்வேர்களின் கண்ணுக்கு ஃபான்ட் தெரியாது.

அப்படியும் வராத ஃபான்ட்கள் உண்டு. பி.எஃப்.பி., பி.எஃப்.எம். என்று ஜோடியாக வரும் டைப் 1 ஃபான்ட்களை போட்டோஷாப் 2021-இலேயே கைவிட்டது, அடோபியின் மற்ற சாஃப்ட்வேர்கள் 2023 ஜனவரியில். பேஜ்மேக்கர் காலத்திலிருந்து சேர்த்துவைத்த ஃபான்ட் இந்த வகையாக இருந்தால் புதுப் பதிப்பில் எதுவும் செய்ய முடியாது. இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புது இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற எழுத்தடுக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொடை'யின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இல்லஸ்ட்ரேட்டரில் டைப் அமைப்புக்குள் போய் இந்திய மொழி விருப்பங்களைக் காட்டச் சொல்ல வேண்டும். பழையதில் யாரோ என்றைக்கோ செய்துவைத்திருப்பார்கள், அது நமக்கு நினைவில் இருக்காது.

இங்கேதான் பழைய பெட்டியின் அருமை தெரியும். இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டு ஒரு மூலையில் வையுங்கள். பேரலல் போர்ட்டிலோ யூ.எஸ்.பி.யிலோ டாங்கிள் என்ற பூட்டுக் கருவியைச் சொருகினால்தான் ஓடும் பழைய தமிழ்ச் சாஃப்ட்வேரும், ஃபிளெக்ஸ் மெஷினை ஓட்டும் ரிப் சாஃப்ட்வேரும் அதிலேயே இருக்கட்டும். பழைய ஃபைல் கேட்டு ஆள் வரும்போது அதில் திறந்து, எழுத்தை யூனிகோடுக்கு மாற்றிப் புதியதில் சேர்த்துக்கொள்ளலாம். உட்கார்ந்து மொத்தமாக மாற்றுகிற வேலை யாருக்கும் ஓடாது, கேட்கக் கேட்க மாற்றுவதுதான் நடக்கிற காரியம்.

மூன்றாவது வழி இலவசம். கோரல் மாதிரியான இன்க்ஸ்கேப், போட்டோஷாப் மாதிரியான கிம்ப், படம் வரையும் கிரிட்டா, இன்டிசைன் மாதிரியான ஸ்கிரைபஸ் நான்குக்கும் சீரியல் நம்பர் கிடையாது, ஆக்டிவேஷன் கிடையாது. கம்ப்யூட்டர் மாற்றினால் டவுன்லோட் செய்து போட வேண்டியதுதான். இன்க்ஸ்கேப்பில் யூனிகோடு தமிழ் எந்த அமைப்பையும் தொடாமல் ஒழுங்காகவே வரும். இந்த விஷயத்தில் காசு கொடுத்து வாங்குவதைவிட இது மேல் என்பேன். ஆனால் கிம்ப்பில் போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. ஃபைல் திறந்தாலும் படத்துக்குள் படமாக வைக்கிற ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் பழையபடி இருக்காது. கோரல் ஃபைலை இன்க்ஸ்கேப் ஓரளவு திறக்கும், நிழலும் எஃபெக்ட்டும் உதிரும்.

இது யாருக்கு ஒத்துவரும் என்பது ஃபைலை வாங்குகிறவர் கையில் இருக்கிறது. சிவகாசி ஆஃப்செட்காரரோ வண்ணார்பேட்டை ஃபிளெக்ஸ்காரரோ பி.டி.எஃப். போதும் என்றால் இலவசம் தாராளம். "கோரல்ல பழைய வெர்ஷனுக்கு சேவ் பண்ணி அனுப்புங்க" என்கிறவர் என்றால் கோரல் இல்லாமல் தொழில் நடக்காது. படிக்கிற பிள்ளைக்கும், வீட்டில் படம் வரைகிறவருக்கும் நான் கிரிட்டாவைத்தான் சொல்வேன்.

எந்த வழி என்றாலும் பழையதை ஃபார்மட் செய்வதற்கு முன் போட்டோஷாப்பின் பிரஷ், ஆக்ஷன், ஸ்டைல் எல்லாவற்றையும் எடிட் மெனுவின் பிரிசெட்ஸ் வழியாக எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் வையுங்கள். கோரலின் வொர்க்ஸ்பேஸையும் அதுபோலவே. லைசென்ஸ் சம்பந்தப்பட்ட மெயில் எந்த முகவரிக்கு வந்தது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் முன்பு வேலை பார்த்த பையனின் மெயிலில் சந்தா ஓடிக்கொண்டிருந்தால், ஓ.டி.பி.க்கு அவனைத்தான் சென்னையில் தேட வேண்டியிருக்கும்.