கோப்ளினா, ஓர்க்கா?

ஆங்கில மிகைபுனைவு எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் தன் கதைகளில் வரும் ஒரே கொடிய கூட்டத்துக்கு இரண்டு பெயர்கள் வைத்தார். 1937-இல் வந்த ‘தி ஹாபிட்’ நாவலில் அவை பெரும்பாலும் கோப்ளின்கள். 1954-55-இல் வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் அவையே ஓர்க்குகள். இரண்டில் எது நல்ல பெயர் என்று கேட்டால், தயங்காமல் ஓர்க் என்பேன்.

கோப்ளின் மக்கள் வாயில் புழங்கிய சொல். 12-ஆம் நூற்றாண்டுத் துறவி ஆர்டெரிக் விட்டாலிஸ், பிரான்சின் எவ்ரூ நகரில் உலவிய ஒரு பேயை ஊரார் ‘கோபெலினுஸ்’ என்று அழைத்ததாக எழுதியிருக்கிறார். ஜார்ஜ் மெக்டொனால்ட் 1872-இல் எழுதிய சிறுவர் கதையில் கோப்ளின்கள் மண்ணுக்கடியில் வாழ்கின்றன. அவற்றின் பாதத்தை மிதித்தால் போதும், அலறிக்கொண்டு ஓடும். டோல்கீன் அந்தக் கதைக்குத் தான் கடன்பட்டிருப்பதைக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். மென்மையான பாதத்தை மட்டும் ஒருபோதும் நம்பியதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஒரு வரியிலேயே சிக்கல் தெரிந்துவிடுகிறது. கோப்ளின் என்றதும் வாசகருக்கு ஒரு குறும்புக்காரக் குள்ளப் பேய் கண்ணில் வந்துவிடும். விளக்கம் தேவைப்படாதது வசதிதான். ஆனால் கோட்டையை முற்றுகையிடும் பெரும் படைக்கு அந்த உருவம் போதாது.

ஓர்க் அப்படியல்ல. பழைய ஆங்கிலக் காவியமான ‘பியோவுல்ஃப்’பில், பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் வழிவந்த கொடிய பிறவிகளைப் பட்டியலிடும் 112-ஆம் வரியில் ‘ஓர்க்னெயாஸ்’ என்ற சொல் வருகிறது. பாதாளத் தெய்வத்தைக் குறிக்கும் ‘ஓர்க்குஸ்’ என்ற லத்தீன் சொல்லோடு அறிஞர்கள் இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். ஒலி பொருந்தியதால்தான் இச்சொல்லை எடுத்தேன் என்றார் டோல்கீன். உண்மைதான், சொல்லிப் பாருங்கள், தொண்டையில் முள் சிக்கியது போல இருக்கும். பழமையின் கனமும் அதில் இருக்கிறது. அன்றைய பெரும்பாலான வாசகர்கள் மனதில் அதற்கு உருவமும் இருந்ததில்லை. எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாவது வழி, டோல்கீனின் தீப்பிசாசான பால்ரோக் போலப் பெயரையே புதிதாக உருவாக்குவது. அதற்கு ஒரு விலை உண்டு. 1974-இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு டோல்கீனிடமிருந்து பல உயிரினங்களை எடுத்துக்கொண்டது. உரிமைப் பிரச்சினை வந்ததும் டோல்கீனின் குள்ள இனமான ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ என்று பெயர் மாறியது, பால்ரோக் நீக்கப்பட்டது. ஓர்க் மட்டும் அப்படியே நின்றது. ஆயிரம் ஆண்டுப் பழைய சொல்லுக்கு யார் உரிமை கோர முடியும்? அதனால்தான் ‘வார்ஹாமர்’, ‘வார்கிராஃப்ட்’ என்று பிற விளையாட்டுகளுக்கும் அது தடையின்றிப் பரவியது.

பெயர் சரி, பிறப்பு? இங்கே டோல்கீன் கடைசிவரை தடுமாறினார். 1977-இல் வெளியான ‘தி சில்மரிலியன்’, ஓர்க்குகள் பிடிபட்டுச் சிதைக்கப்பட்ட எல்ஃப்கள் (டோல்கீன் உலகின் சாவில்லாத அழகிய இனம்) என்கிறது. தீமையால் எதையும் படைக்க முடியாது, கெடுக்கத்தான் முடியும் என்பது அவர் நம்பிக்கை. அப்படியானால் ஓர்க்குக்கும் ஆன்மா உண்டே, இரக்கமின்றி எப்படிக் கொல்வது? பிற்காலக் குறிப்புகளில் மனிதரிலிருந்து, விலங்கிலிருந்து என்றெல்லாம் மாற்றிப் பார்த்தார், முடிவுக்கு வரவில்லை. ‘வார்ஹாமர் 40,000’ இதை எளிதாகத் தீர்த்துவிட்டது: அங்கே ஓர்க்குகள் பூஞ்சை வித்துகளிலிருந்து முளைக்கின்றன. கெட்டிக்காரத்தனமான தீர்வுதான், ஆனால் எனக்குத் தீராத அந்தப் பழைய கேள்விதான் பிடித்திருக்கிறது. வெட்டுப்பட்டு விழும் எதிரியைப் பற்றி ஒரு கணம் யோசிக்க வைக்கிறதே!

தமிழில் மிகைபுனைவு எழுதுகிறவர்கள் முன்னாலும் இதே தேர்வுதான் இருக்கிறது. அரக்கன் என்று எழுதினால் பத்துத் தலை கண்முன் வந்துவிடும். கலிங்கத்துப்பரணியில் ‘காளிக்குக் கூளி கூறியது’ என்று ஒரு பகுதியே உண்டு. பேயைக் குறிக்கும் கூளி என்ற சொல்லுக்கு இன்றைய வாசகர் மனதில் முகம் இல்லை. நான் எழுதினால் அதைத்தான் எடுப்பேன்.